சூடை மீனும் முதலாளிமாரின் கணக்கும்

வடக்கில் எங்கே முதலீடு செய்யலாம் என்ற பேச்சு எழுந்தால், இப்போதெல்லாம் கடல் தொழில் முதலாவதாகச் சொல்லப்படுகிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களும் கேட்கிறார்கள், உள்ளூரில் கையில் நாலு காசு வைத்திருப்போரும் கேட்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பர் என்னிடமும் பங்கு கேட்டு வந்தார். அவர் கொண்டு வந்த திட்டம் மீன்தூள் தொழிற்சாலை. சூடை, கீரி, நெத்தலி போன்ற சிறு மீன்களை வாங்கி, அவித்து, அரைத்து, கோழித்தீனுக்கும் இறால் பண்ணைக்கும் விற்பது. காகிதத்தில் பார்த்தால் இலாபம் நன்றாகவே இருந்தது. நான் பங்கு சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதை அவருக்குச் சொன்னதை விட விரிவாக இங்கே எழுதுகிறேன். இது ஒருவருடைய காசு சம்பந்தப்பட்ட விடயம் மட்டுமல்ல என்பதே காரணம்.

புத்தூர் கடற்கரைக் கிராமம் அல்ல என்பது வாசகர்களுக்குத் தெரியும். வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளையும் செம்மண் பூமி. ஆனாலும் இங்கே கடை வைத்திருப்பவனுக்கு மீன் இல்லாமல் வியாபாரம் இல்லை. தோட்டத்தில் கூலி வேலை செய்யும் குடும்பம் மாதக் கடைசியில் கேட்பது இறைச்சியை அல்ல. கருவாட்டையும் டின்மீனையும் தான். சந்தையில் பாரையும் விளைமீனும் விலை ஏறிய நாளில் ஏழை வீட்டுச் சட்டிக்குப் போவது சூடை. எனவே இந்த மீனின் கதையை நான் கடலோரத்தில் இருந்து எழுதவில்லை, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்து எழுதுகிறேன்.

பெயர் பல, குடும்பம் ஒன்று

யாழ்ப்பாணத்தில் சூடை என்போம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பின் எமது குடும்பம் புத்தளத்தில் இருந்த காலத்தில், கற்பிட்டிக் கரையில் சாளை, கீரி என்ற பெயர்களில் இதே வகை மீன்களை வாங்கிக் கருவாடு போட்டு விற்றோம். சிங்கள வியாபாரிகள் சாலயா, ஹுருல்லா என்பார்கள். கேரளத்தில் மத்தி. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சார்டின் என்று பெயர். எல்லாம் ஒரே மீன் அல்ல. ஆனால் குணம் ஒன்று தான். கூட்டமாக வரும், கடலின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும், விரைவாக வளரும், சில ஆண்டுகளே வாழும். கடல் குளிர்ந்து தீனி பெருகும் ஆண்டில் கரை கொள்ளாமல் குவியும். தீனி குறையும் ஆண்டில் தேடினாலும் கிடைக்காது.

இந்தக் குணத்தை வியாபாரி நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். நெல்லைப் போல வருடா வருடம் ஓரளவு நிச்சயமாக வரும் சரக்கு இது அல்ல. வந்தால் மலை, இல்லாவிட்டால் மணல். அப்படியான சரக்கை நம்பித் தொழிற்சாலை கட்டியவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு உலகம் முழுவதும் உதாரணம் உண்டு.

இயந்திரம் இடம் மாறிய கதை

முதலாவது கலிபோர்னியா. அங்கே மொண்டரே என்ற துறைமுகத்தில் ஒரு தெரு முழுவதும் டின்மீன் தொழிற்சாலைகள். 1936-37 பருவத்தில் கலிபோர்னியாவில் பிடிபட்ட சாளை 7 இலட்சம் தொன்னுக்கு மேல். அதில் பெரும் பகுதி மனிதர் வாயைப் போய்ச் சேரவில்லை. டின்னில் அடைப்பதை விட எண்ணெயும் தூளும் ஆக்குவதில் இலாபம் கூட என்பதால் கோழித்தீனாகவும் பசளையாகவும் போயிற்று. அளவோடு பிடியுங்கள் என்று மாநில அரசின் மீன்வள ஆய்வாளர்கள் அந்நாளிலேயே எச்சரித்தார்கள். தொழிற்சாலைக்காரர்கள் கேட்கவில்லை. 1940களின் பிற்பகுதியில் மீன் மறைந்தது. 1967இல் சாளை பிடிப்பதற்கே சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். அப்போது தடுப்பதற்கு மீனே இருக்கவில்லை. 1980களில் மீன் மெல்லத் திரும்பியது, தொழிலும் திரும்பியது. 2015இல் மீண்டும் மூடவேண்டி வந்தது.

இதில் வியாபாரிகள் கவனிக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. மீன் முடிந்ததும் கலிபோர்னியாத் தொழிற்சாலைகளின் பழைய இயந்திரங்கள் மலிவு விலையில் தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக்குப் போயின. அங்கே இருந்தது நெத்தலி இனத்தைச் சேர்ந்த மீன். 1950களில் தொடங்கிய தொழில், 1970இல் 1 கோடி 20 இலட்சம் தொன்னைத் தாண்டியது. உலகத்தில் வேறு எந்த மீனும் அந்த அளவுக்குப் பிடிபட்டதில்லை. ஏறக்குறைய முழுவதும் தூளாக்கப்பட்டது. 1972இல் எல் நினோ என்னும் வெப்ப நீரோட்டம் வந்தது. 1973இல் பிடிபாடு 20 இலட்சம் தொன்னளவுக்கு விழுந்தது. அதே ஆண்டில் பெரு அரசாங்கம் மீன்தூள் தொழிலை முழுவதுமாகத் தன் கையில் எடுத்தது.

பெருவில் மீன் குறைந்ததும் உலகச் சந்தையில் மீன்தூளுக்குத் தட்டுப்பாடு. கோழித்தீன் காரர்கள் எல்லோரும் சோயாவுக்கு ஓடினார்கள். சோயா விலை ஏறியது. 1973 ஜூனில் அமெரிக்கா சோயா ஏற்றுமதியைச் சில காலம் நிறுத்தியது. அதனால் திகைத்த ஜப்பான், பிரேசிலில் சோயாப் பயிர்ச்செய்கைக்குக் கை கொடுத்தது. ஒரு கரையில் நெத்தலி இல்லாமல் போனதால் இன்னொரு கண்டத்தில் காடு வயலாகியது. சிறு மீன் தானே என்று எவரும் இதனை அலட்சியமாக எண்ணக்கூடாது.

ஆபிரிக்காவின் தென்மேற்கில் நமீபியா. 1968இல் அங்கே ஏறத்தாழ 14 இலட்சம் தொன் சாளை பிடித்தார்கள். பத்து ஆண்டுக்குள் தொழில் நொடிந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அது பழைய நிலைக்கு வரவில்லை. சாளை இருந்த கடலில் சொறிமுட்டை பெருகியது. 2018இல் அங்கும் தடை வந்தது.

கடலின் குற்றமா, வலையின் குற்றமா?

இந்த இடத்தில் மறுதரப்பு நியாயத்தையும் சொல்லவேண்டும். மீன் குறைவதற்கெல்லாம் வலை தான் காரணம் என்று சொல்வது சரியல்ல. ஜப்பானில் 1988இல் ஏறத்தாழ 45 இலட்சம் தொன் சாளை பிடிபட்டது. 2005 அளவில் அது 30 ஆயிரம் தொன்னளவுக்கு இறங்கியது. அதே 1980களில் பசிபிக் சமுத்திரத்தின் மறுகரையில் சிலியிலும் பெருவிலும் சாளை பெருகி, பின்னர் அங்கும் சேர்ந்தே குறைந்தது. இரு கரை மீனவரும் ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொண்டு பிடிக்கவில்லை. கடலின் வெப்பமும் நீரோட்டமும் பத்து இருபது ஆண்டுக்கு ஒரு முறை மாறுவதால் இது நடக்கிறது என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். ஜப்பானில் இப்போது மீண்டும் சில இலட்சம் தொன் கிடைக்கிறது.

எமக்கு அண்மையில் உள்ள கேரளமும் இதற்குச் சாட்சி. 2012இல் கேரளத்தில் மத்தி ஏறத்தாழ 4 இலட்சம் தொன். கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கின்படி 2021இல் அது வெறும் 3,297 தொன். அடுத்த ஆண்டே ஒரு இலட்சம் தொன்னளவுக்குத் திரும்பியது. மீனவன் ஒரு ஆண்டில் திருந்தி விட்டான் என்பதல்ல இதன் பொருள். மழையும் நீரோட்டமும் தீனியும் கூடி வந்தன. மத்தி இடமும் மாறுகிறது. 1980களுக்கு முன் தமிழ்நாட்டுக் கரையில் அரிதாக இருந்த அந்த மீன், பின்னர் அங்கே முக்கிய மீன்களில் ஒன்றாயிற்று.

அப்படியானால் இஷ்டப்படி பிடிக்கலாமா? கூடாது. கடல் கொடுக்கும் ஏற்ற இறக்கத்தை நாம் நிறுத்த முடியாது. ஆனால் இறக்கம் வரும் ஆண்டில் கடலில் எவ்வளவு விதை மிச்சம் இருக்கிறது என்பது எமது கையில் இருக்கிறது. ஏற்றத்தின் உச்சியைப் பார்த்து அதற்கேற்ற அளவில் தொழிற்சாலை கட்டியவன், இறக்கம் வரும்போது நிறுத்த மாட்டான். வங்கிக் கடன், தொழிலாளர் சம்பளம், மின் கட்டணம் எல்லாம் காத்துக்கொண்டு நிற்கும். எனவே கடைசிக் குஞ்சு வரை வாங்குவான். கலிபோர்னியாவிலும் பெருவிலும் நமீபியாவிலும் சரிவைப் பேரிழப்பாக மாற்றியது இந்தக் கட்டாயம் தான்.

நிறுத்தத் தெரிந்தவர்கள்

நல்ல உதாரணமும் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் சம்போவாங்கா என்ற நகரம் டின்மீன் தொழிலுக்குப் பெயர் பெற்றது. எமது நாட்டைப் போலவே அங்கும் டின்மீன் ஏழையின் கறி. 2011இல் இருந்து அப்பகுதிக் கடலில் ஆண்டுதோறும் மூன்று மாதங்கள் பெரிய படகுகள் சாளை பிடிக்கக்கூடாது என்று நிறுத்தி வைக்கிறார்கள். மீன் முட்டையிடும் காலம் அது.

போர்த்துக்கலிலும் ஸ்பெயினிலும் சாளை இருப்பு மிகவும் குறைந்து, 2017இல் சர்வதேசக் கடலாய்வுச் சபை அடுத்த ஆண்டு பிடிக்கவே வேண்டாம் என்று ஆலோசனை சொன்னது. இரு அரசுகளும் முற்றாக நிறுத்தாவிட்டாலும் அளவை வெகுவாகக் குறைத்தன, பருவத்தைச் சுருக்கின. மீன் மீண்டது. 2025இல் அந்த மீனுக்கு நிலைபேறான மீன்பிடி என்ற தரச் சான்றிதழும் திரும்பக் கிடைத்தது. சான்றிதழ் இருந்தால் ஐரோப்பியப் பெருங்கடைகளில் நல்ல விலை. பொறுத்தவர்களுக்குக் கூலி கிடைத்தது என்பது வியாபாரக் கணக்கு.

உலகில் டின் சாளை ஏற்றுமதியில் முன்னணியில் நிற்பது மொரோக்கோ. அங்கே 2022க்கும் 2024க்கும் இடையில் பிடிபாடு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கடலின் அரசன் போலச் சாளையை வைத்திருக்கும் நாட்டில், 2025 நோன்பு காலத்தில் பொதுமக்கள் விலையைப் பார்த்துக் கொதித்தார்கள். மராகேஷ் நகரில் ஒரு இளம் மீன் வியாபாரி மற்றவர்கள் விற்ற விலையில் ஒரு சிறு பங்கான 5 திர்ஹமுக்குக் கிலோவை விற்றுக் காட்டியதும் நாடு முழுவதும் அதே பேச்சாயிற்று. துறைமுகத்துக்கும் சட்டிக்கும் இடையில் எத்தனை கை என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கைகளில் ஒன்று எம்மைப் போன்ற வியாபாரியின் கை. நாம் அதை மறக்கக்கூடாது.

மீன்தூள் பற்றி

மேற்கு ஆபிரிக்காவில் செனகல், காம்பியா, மொரித்தானியா ஆகிய மூன்றும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். அங்கே சாளையைப் பெண்கள் வாங்கிப் புகையிட்டும் உலர்த்தியும் உள்நாட்டுக் கிராமங்களுக்கு அனுப்புவது பரம்பரைத் தொழில். கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் வெளிநாட்டு முதலுடன் மீன்தூள் தொழிற்சாலைகள் வந்தன. தொழிற்சாலை மொத்தமாக வாங்குகிறது, கூட விலை கொடுக்கிறது, படகு கரைக்கு வந்ததும் கொள்வனவு செய்கிறது. பத்துக் கூடை வாங்க வந்த பெண்ணுக்கு மீன் இல்லை. அங்கிருந்து தூள் கப்பலேறி வெளிநாட்டு மீன் பண்ணைகளுக்குப் போகிறது. ஏழை சாப்பிட்ட மீன் பணக்காரன் சாப்பிடும் மீனுக்குத் தீனியாகிறது.

எமது பயண வரலாற்றில் பெரும் பெயர் பெற்ற இப்னு பதூதா, ஓமான் கரையில் உள்ள ழுபார் நகரில் கால்நடைகளுக்குச் சாளை மீனைத் தீனியாகக் கொடுப்பதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். 1344இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாண மன்னன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தவரும் அவரே. மீனைக் கால்நடைக்குப் போடுவது புதிய காரியமல்ல என்று என் நண்பர் வாதிடலாம். ஆனால் ழுபாரில் புல் இல்லாத வறட்டுக் கரையில் மிஞ்சிய மீனைக் காய வைத்துப் போட்டார்கள். இன்றைய தொழிற்சாலை மிச்சத்துக்காகக் காத்திருப்பதில்லை.

நண்பர் காட்டிய கணக்கை இப்போது பார்ப்போம். ஒரு கிலோ தூளுக்கு நாலு முதல் ஐந்து கிலோ பச்சை மீன் வேண்டும். நாளொன்றுக்கு 20 தொன் தூள் தரும் இயந்திரத்துக்கு ஏறத்தாழ 100 தொன் மீன் போட வேண்டும். மயிலிட்டி, பருத்தித்துறை, குருநகர், தீவுப்பகுதி என்று எல்லாக் கரையையும் கூட்டினாலும் சிறு படகும் நைலோன் வலையும் வைத்திருப்பவர்களால் நாள் தவறாமல் அவ்வளவு சிறு மீன் தர முடியுமா? முடியாது. அப்படியானால் பெரிய சுருக்கு வலை வரவேண்டும், இரவில் வெளிச்சம் பாய்ச்ச வேண்டும், டைனமைட் மீன் என்றாலும் கேள்வி கேட்காமல் வாங்க வேண்டும். தொழிற்சாலை ஒன்றைக் கட்டும்போதே இத்தனையையும் கடலுக்கு அழைத்துக்கொண்டு தான் கட்டுகிறோம். தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டில் சுருக்குமடி வலைக்குத் தடை போட்டார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் கரையில் இருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் என்ற நிபந்தனையோடு இடம் கொடுத்தது. சிறு மீனவருக்கும் பெருவலைக்காரருக்கும் உள்ள சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. 2018இல் முல்லைத்தீவிலும் மீனவர்கள் இவ்வாறான வலைகளுக்கு எதிராக வீதிக்கு இறங்கினார்கள். ஏற்கனவே இந்திய இழுவைப் படகுகளால் வலையை இழந்து நிற்பவர்கள் வடக்கு மீனவர்கள். உள்ளூர் முதலாளியும் அவர்களுக்கு இன்னொரு இழுவைப் படகாக வரக்கூடாது.

இருப்புக் கணக்கில்லாத கடை

கடைக்காரன் வருடத்துக்கு ஒரு தடவையாவது இருப்பு எண்ணுவான். எண்ணாதவன் எப்போது நொடிந்தான் என்று அவனுக்கே தெரியாது. எமது கடலில் என்ன இருக்கிறது என்று பார்க்க நான்சன் என்ற நோர்வே ஆய்வுக் கப்பல் 1978-80 காலத்தில் இலங்கையைச் சுற்றியது. அதே பெயரைக் கொண்ட புதிய கப்பல் அடுத்து வந்தது 2018இல். இடையில் ஏறத்தாழ 40 ஆண்டுகள். வடகடலோ யுத்தகாலத்தில் மீனவருக்கே மூடிக் கிடந்தது. மயிலிட்டித் துறைமுகம் மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது 2017இல். இந்த நிலையில் எந்த இருப்பை நம்பி நாம் கோடிக்கணக்கில் இயந்திரம் இறக்குவது? வடகடலின் சிறு மீன் இருப்பை நாரா நிறுவனமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கூட்டாக ஆண்டுதோறும் கணக்கெடுக்க வேண்டும் என்று வர்த்தகச் சங்கங்கள் அரசாங்கத்தைக் கேட்கவேண்டும். வரிச்சலுகை கேட்டுக் கொழும்புக்குப் போகும் பிரதிநிதிகள் இதையும் ஒரு கோரிக்கையாக எடுத்துச் செல்லட்டும்.

எங்கே போடலாம் காசை?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது வியாபாரப் பக்கம் ஆகாது. எனது யோசனைகள் இவை.

ஒன்று, பனிக்கட்டி. வெயில் காலத்தில் சூடை சில மணி நேரத்தில் பழுதாகும். கரையில் பனிக்கட்டி இல்லாததால் வீணாகும் மீன், கூடுதலாகப் பிடிக்காமலே எமக்குக் கிடைக்கக்கூடிய மீன். ஒரு சிறு பனிக்கட்டித் தொழிற்சாலையும் குளிர் லொறி ஒன்றும் மீன் குறைந்த ஆண்டிலும் வேறு சரக்குக்கு உதவும்.

இரண்டு, கருவாடு. மணலில் காயப்போடும் கருவாட்டுக்கும், பரண் போட்டு வலை மூடிக் காயவைத்த கருவாட்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. வெளிநாட்டில் உள்ள எம்மவர்கள் சுத்தமான பொதியில் வரும் சூடைக் கருவாட்டைத் தேடி வாங்குகிறார்கள். முதல் குறைவு, பெண்களுக்கு வேலை, மீன் மனிதன் வயிற்றுக்கே போகிறது.

மூன்று, டின்மீன். நம்மவர்கள் செமன் என்று சொல்லும் 425 கிராம் டின்னை நாம் நெடுங்காலம் சிலி, சீனா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் இருந்து டொலர் கொடுத்து இறக்கினோம். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது அந்த டின்னின் விலை என்ன ஆனது என்பதை ஒவ்வொரு வீடும் அறியும். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஏறியது, படகுகள் கரையில் கிடந்தன. வெளியில் இருந்து டின்னும் இல்லை, உள்ளே மீனும் இல்லை. அந்த நாட்களை நினைத்தால், உள்ளூர் மீனை உள்ளூரில் அடைக்கும் சிறு தொழிற்சாலை எவ்வளவு அவசியம் என்பது விளங்கும். ஆனால் அதன் அளவை மீன் குறைந்த ஆண்டை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். மீன் கூடிய ஆண்டில் மிஞ்சியதைக் கருவாடாக்கலாம்.

நான்காவது காசு தேவைப்படாத ஒரு காரியம். குஞ்சு மீனை நாம் வாங்கக்கூடாது. கேரளத்தில் 10 சென்ரிமீற்றருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கவும் விற்கவும் கூடாது என்று சட்டம் இருக்கிறது. எமது வியாபாரிகள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சந்தையில் ஏலம் எடுக்கும் பத்துப் பேர் ஒன்றுகூடிக் குஞ்சு மீனுக்கும் முள் முறிந்த டைனமைட் மீனுக்கும் விலை கேட்க மாட்டோம் என்று முடிவெடுத்தால், அந்த மீனைப் பிடிப்பவன் நாலாம் நாள் நிறுத்திவிடுவான். கடலில் வலையை வீசுவது மீனவன் கை என்றாலும், எந்த வலையை வீசுவது என்று தீர்மானிப்பது வாங்குபவன் கொடுக்கும் விலை தான்.

என் நண்பர் இன்னும் வேறு பங்காளிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. அவருடைய முயற்சியை நான் பழிக்கவில்லை. பனிக்கட்டிக்கோ கருவாட்டுக்கோ அவர் திட்டத்தை மாற்றிக்கொண்டு வந்தால் முதல் பங்கை நானே போடத் தயார். இதை வாசிக்கும் வேறு யாருக்கும் அந்த எண்ணம் இருந்தால் அவர்களும் வரலாம். அடுத்த சோளகக் காற்றுக்கு முன் உட்கார்ந்து பேசுவோம்.